பேராதனைப் பூங்கா: மலையகத்தின் பயிர்களைத் தீர்மானித்த 147 ஏக்கர்

கண்டிக்குப் போகிறவர்கள் தலதா மாளிகைக்கு அடுத்து எட்டிப்பார்க்கும் இடம் பேராதனை அரச தாவரவியல் பூங்கா. நகரிலிருந்து கொழும்பு வீதியில் ஏறத்தாழ 6 கிலோமீற்றர். இலங்கை முழுவதிலுமிருந்து பள்ளிச் சுற்றுலாக்கள் வந்து இறங்கும் இடமும் இதுதான். ஆனாலும் இந்தப் பூங்காவைப் பற்றிப் படிக்கும்போது இரண்டு குழப்பங்கள் தவறாமல் எழுகின்றன.

முதலாவது, அதன் வயது. ஓரிடத்தில் 1371 என்றும், இன்னோரிடத்தில் 1821 என்றும், வேறோரிடத்தில் 1843 என்றும் தொடக்க ஆண்டு போட்டிருக்கும். இரண்டாவது, அதன் வேலை. பூ பார்க்கப் போகும் இடத்துக்கு ஆய்வாளர்கள் எதற்கு, உலர்ந்த இலைகளைக் காலங்காலமாகப் பாதுகாக்கும் கட்டடம் எதற்கு, அங்கே ஒரு மரம் சாய்ந்தால் அது ஏன் செய்தியாகிறது என்பது பலருக்கும் விளங்குவதில்லை. இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. மலைநாட்டில் எது விளையும், எது விளையாது என்று சோதித்துப் பார்த்து நாற்றுக் கொடுத்த இடம் இது. அந்தச் சோதனைகளின் முடிவுகளே கோப்பியையும் தேயிலையையும் மலையேற்றின. அவற்றின் பின்னால் தமிழகத்திலிருந்து ஒரு மக்கள் கூட்டமே மலையேறியது.

தாவரவியல் பூங்கா என்றால் என்ன?

நகரப் பூங்காவில் செடி அழகாக இருந்தால் போதும். தாவரவியல் பூங்காவுக்கு அது போதாது. அதை வேறுபடுத்துபவை இவை:

1. பதிவேடு. ஒவ்வொரு செடிக்கும் ஓர் எண் உண்டு. எங்கிருந்து வந்தது, யார் அனுப்பியது, விதையா நாற்றா, எந்த ஆண்டு நடப்பட்டது என்பதெல்லாம் அந்த எண்ணின் கீழ் எழுதப்படும். பெயர்ப்பலகை தொலைந்தாலும் பதிவேட்டிலிருந்து செடியை அடையாளம் காணலாம். பதிவேடு தொலைந்துவிட்டால் மரம் உயிரோடு நின்றாலும் அதன் அறிவியல் மதிப்பில் பாதி போய்விடும்.

2. உலர்தாவரகம். அழுத்தி உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டி வகைப்படுத்தி வைக்கும் இடம்.

3. பரிமாற்றம். மற்ற நாடுகளின் பூங்காக்களோடு விதையும் நாற்றும் கொடுத்து வாங்குவது.

4. சோதனை. புதிதாக வந்த செடி இந்த மண்ணிலும் மழையிலும் பிழைக்குமா, பூக்குமா, காய்க்குமா, தானாகப் பரவிக் காட்டை மூடிவிடுமா என்று ஆண்டுக்கணக்கில் பார்ப்பது.

பேராதனை இந்த நான்கையும் செய்த இடம். நான்காவதில் அது அடைந்த வெற்றியும் செய்த பிழையும் இலங்கையின் நிலத்தில் இன்றும் தெரிகின்றன.

மூன்று தொடக்க ஆண்டுகள் ஏன்?

1371 என்பது பூங்காவின் ஆண்டு அல்ல, அரசனின் ஆண்டு. மூன்றாம் விக்கிரமபாகு மகாவலிக் கரையில் பேராதனையில் அரசவை நடத்திய காலம் அது. பிறகு 18ஆம் நூற்றாண்டில் கண்டியை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் இந்த இடத்தை அரசத் தோட்டமாக்கினான். மதுரையிலிருந்து சென்ற நாயக்கர் மரபினன் அவன். அடுத்து வந்த ராஜாதி ராஜசிங்கனும் இங்கே தங்கியிருக்கிறான். இது வரைக்கும் இது ஓர் அரச உய்யானம் மட்டுமே.

1815இல் கண்டி பிரித்தானியர் கையில் விழுந்தது. அதற்கு முன்பே கரையோரத்தில் அவர்கள் தாவரத் தோட்ட முயற்சியைத் தொடங்கியிருந்தார்கள். 1810இல் கொழும்பு கொம்பனித்தெருவில் ஒரு தோட்டம் அமைந்தது. இலண்டனின் கியூ தோட்டத்தின் பெயரே அதற்கும் சூட்டப்பட்டது. கொழும்பு 2இல் உள்ள கியூ வீதி அதன் மிச்சம். அங்கே வெள்ளம் ஏறியதால் 1813இல் தோட்டம் களுத்துறைக்கு மாறியது. கரையோரத்தின் வெப்பமும் உவர்மண்ணும் எல்லாச் செடிகளுக்கும் ஒத்துவரவில்லை. 1821இல் அலெக்சாண்டர் மூன் பேராதனையில் வேலையைத் தொடங்கினார். முதலில் தென்மேற்கு மூலை மட்டுமே வெட்டித் துப்புரவாக்கப்பட்டது. அங்கே அவர் நட்டவை கறுவாவும் கோப்பியும். அலங்காரப் பூக்களுக்கு முன்பாகவே பணப்பயிர்கள் வந்துவிட்டன என்பதைக் கவனிக்க வேண்டும்.

மூன் 1824இல் இலங்கைத் தாவரங்களின் பட்டியல் ஒன்றை அச்சிட்டார். அறிவியற் பெயர்களோடு உள்ளூர்ப் பெயர்களையும் அதில் சேர்த்திருந்தார். மறு ஆண்டே இறந்துபோனார். அடுத்த பதினெட்டு ஆண்டுகள் தோட்டம் ஏறக்குறைய கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1843இல்தான் முறையான அரச தாவரவியல் பூங்காவாக அது மறுபடி நிறுவப்பட்டது. 1844இல் ஜார்ஜ் கார்ட்னர் பொறுப்பேற்றார். 1849இல் அவர் நுவரெலியாவில் இறந்தபின் வந்த ஜோர்ஜ் துவைட்ஸ் 1880 வரை முப்பது ஆண்டுகள் இருந்தார். அவருக்குப்பின் ஹென்றி டிரைமன். இலங்கையின் தாவரவளத்தை முதன்முதலில் முழுமையாக எழுதிவைத்தவர்கள் இந்த இருவர்.

ஆக, அரசவை 1371, தாவரத் தோட்டம் 1821, நிறுவனம் 1843. மூன்று ஆண்டுகளும் சரியே. ஒவ்வொன்றும் வேறொன்றின் தொடக்கம்.

ஏன் இந்த இடம்?

வரைபடத்தைப் பார்த்தால் காரணம் தெரியும். மகாவலி ஆறு மூன்று பக்கமும் வளைந்தோடி நடுவில் ஒரு நிலத்தை விட்டுச் செல்கிறது. பூங்கா அந்த வளைவுக்குள் இருக்கிறது. கோடையிலும் நிலத்தடி நீர் வற்றாது. வெள்ளம் விட்டுப்போன வண்டல் மண் ஆழமானது. மூன்று பக்கம் ஆறு இருப்பதால் வேலி காப்பது எளிது.

உயரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 460 மீற்றர். கரையோரப் புழுக்கமும் இல்லை, நுவரெலியாவின் உறைபனியும் இல்லை. தென்மேற்குப் பருவமழை, வடகீழ்ப் பருவமழை இரண்டும் இங்கே பெய்கின்றன. நீண்ட வறட்சி அபூர்வம். வெப்பமண்டலச் செடிகளில் பெரும்பாலானவை இங்கே பிழைத்துக்கொள்ளும்.

பெரும்பாலானவை, எல்லாம் அல்ல. அதற்காகத்தான் கிளைத் தோட்டங்கள் வந்தன. குளிர்ப்பயிருக்கு நுவரெலியாவுக்கு அருகே ஏறத்தாழ 1,700 மீற்றர் உயரத்தில் 1861இல் ஹக்கல தோட்டம். வெப்பமும் ஈரமும் கேட்கும் பயிருக்குக் கம்பஹாவில், ஏறக்குறைய கடல்மட்டத்திலேயே, 1876இல் ஹெனரத்கொட தோட்டம். கீழ், நடு, மேல் என்று மூன்று உயரங்களில் ஒரே நிர்வாகம். புதிய செடி ஒன்று வந்தால் மூன்றிலும் நட்டுப்பார்த்து, எது எங்கே தேறுகிறது என்று சில ஆண்டுகளில் சொல்லிவிட முடிந்தது. மூன்று தோட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் பேராதனையின் வேலை விளங்கும். தனியாகப் பார்த்தால் அது ஓர் அழகிய தோட்டமாக மட்டுமே தெரியும்.

செடி கடல் கடந்தது எப்படி?

கப்பலில் செடி கொண்டுவருவது 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஏறக்குறைய வீண் முயற்சி. உப்புக்காற்று இலையைக் கருக்கும். நன்னீர் மாலுமிகளுக்கே போதாது. கீழ்த்தளத்தில் வைத்தால் வெளிச்சம் இல்லை. இலண்டன் மருத்துவரான நத்தானியேல் வார்ட் 1829இல் மூடிய கண்ணாடிப் போத்தலுக்குள் பன்னச் செடி தானாக வளர்வதைக் கண்டு வடிவமைத்த பெட்டிதான் நிலைமையை மாற்றியது. வார்ட் பெட்டி வேலை செய்யும் விதம் இது:

1. மரச்சட்டத்தில் கண்ணாடி பொருத்திய பெட்டியின் அடியில் ஈரமண் இட்டு நாற்றுகள் நடப்படும்.
2. பெட்டி இறுக மூடப்படும். மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் ஆவியாகும் நீர் கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணுக்கே இறங்கும். மாதக்கணக்கில் நீர் ஊற்ற வேண்டாம்.
3. பெட்டியை மேல்தளத்தில், வெளிச்சம் படும்படி வைக்க வேண்டும்.

கண்ணாடி ஒன்று உடைந்தால் உப்பு உள்ளே புகுந்து எல்லாம் கருகும். தொடக்கத்தில் ஈரம் கூடிவிட்டால் வேர் அழுகும். இடம் போதாமல் பெட்டியைக் கீழ்த்தளத்துக்கு இறக்கிவிட்டால் நாற்று வெளிறிச் சாகும். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் பயணம் சுருங்கியதால் இழப்பும் குறைந்தது.

விதையாகவே அனுப்பினால் என்ன என்று தோன்றலாம். நெல்லையும் கடுகையும் காயவைத்து அனுப்பலாம். இறப்பர் விதையைக் காயவைத்தால் செத்துவிடும். ஈரத்தோடு வைத்தாலும் சில வாரங்களில் முளைப்புத்திறன் போய்விடும். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கியூவுக்குக் கொண்டுபோன ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளில் முளைத்தவை நூற்றுக்கு நான்குகூட இல்லை. அப்படி முளைத்தவற்றில் 1,919 நாற்றுகள் அதே ஆண்டு ஓகஸ்டில் 38 வார்ட் பெட்டிகளில் 'டியூக் ஆஃப் டெவன்ஷயர்' என்ற கப்பலில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. பெரும்பாலானவை உயிரோடு வந்து சேர்ந்தன. அவற்றை வளர்த்த இடம்தான் ஹெனரத்கொட.

கோப்பி போனது, தேயிலை வந்தது

பூங்காவின் வரலாற்றில் மிகவும் கனமான பகுதி இது. 1830களிலிருந்து கண்டி மலைகளில் கோப்பித் தோட்டங்கள் பரவின. 1870களின் கடைசியில் கோப்பி ஏறத்தாழ 2,75,000 ஏக்கரைப் பிடித்திருந்தது. தமிழகத்திலிருந்து கடல்கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்துவந்தவர்களின் உழைப்பில் அது வளர்ந்தது. அந்தப் பாதையில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மாண்டவர்கள் ஏராளம்.

1869இல் மடூல்சீமைப் பகுதியில் கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் படிந்த புள்ளிகள் தென்பட்டன. மாதிரிகளை இங்கிலாந்தின் பூஞ்சை வல்லுநர் எம். ஜே. பெர்க்லிக்கு அனுப்பியவர் பேராதனையின் துவைட்ஸ். அதுவரை அறிவியல் அறியாத அந்தப் பூஞ்சைக்கு ஹெமிலேயா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெர்க்லி பெயரிட்டார். இதன் ஆபத்தைத் துவைட்ஸ் தொடக்கத்திலேயே உணர்ந்து எச்சரித்தார். விலை உயர்ந்துகொண்டிருந்ததால் தோட்டக்காரர்கள் மேலும் காடழித்துக் கோப்பியே நட்டார்கள்.

1880இல் இளம் தாவரவியலாளர் மார்ஷல் வார்ட் (கண்ணாடிப் பெட்டி செய்த வார்ட் வேறு) இந்த நோயை ஆராயவே அனுப்பப்பட்டார். 1882 வரை அவர் செய்த ஆய்வின் சாரம்:

1. பூஞ்சையின் வித்துகள் காற்றில் பரவுகின்றன. ஒரு புள்ளியிலேயே ஆயிரக்கணக்கில் உண்டாகின்றன.
2. இலையில் நீர்த்துளி இருந்தால்தான் வித்து முளைக்கும். முளைத்த இழை இலையின் அடிப்புறத் துளைகள் வழியாக உள்ளே நுழைகிறது.
3. உள்ளே போனபின் மருந்தால் பயனில்லை. வித்து முளைப்பதற்கு முன் இலைமேல் மருந்து இருக்க வேண்டும்.
4. மலைமலையாக ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டதே நோய் இவ்வளவு வேகமாகப் பரவக் காரணம். இடையிடையே காற்றுத்தடை மரங்கள் நின்றிருந்தால் வேகம் குறைந்திருக்கும்.

நோய் தாக்கிய செடி உடனே சாவதில்லை. இலையை உதிர்க்கும், மறுபடி துளிர்க்கும், துளிரும் நோய் பிடித்து உதிரும். ஆண்டுக்கு இரண்டு பருவமழை பெறும் மலையில் இலை ஈரம் காய நேரமே கிடைப்பதில்லை. சில ஆண்டுகளில் செடி சோர்ந்து காய்ப்பதை நிறுத்திவிடும். தோட்டக்காரர்கள் வார்டிடம் எதிர்பார்த்தது ஒரு மருந்தை. அவர் கொடுத்தது காரணத்தை. அன்றைக்கு அது அவர்களுக்கு ஏமாற்றமாக இருந்தது. இன்று பயிர்நோயியலின் அடிப்படைப் பாடங்களில் ஒன்றாக அது நிற்கிறது.

இடையில் சிறிது காலம் சிங்கோனா கைகொடுத்தது. மலேரியாவுக்கான குயினைன் அதன் பட்டையிலிருந்து கிடைப்பது. ஹக்கல தோட்டம் தொடங்கப்பட்டதே இதை வளர்த்துப்பார்க்கத்தான். கோப்பி நன்றாக இருந்தவரை ஹக்கலவின் சிங்கோனா நாற்றுகளை வாங்க ஆளில்லை. கோப்பி விழுந்தபின் எல்லோரும் ஒரே நேரத்தில் நட்டார்கள். 1880களின் நடுவில் பட்டை ஏற்றுமதி ஆண்டுக்கு 1.5 கோடி இறாத்தலை எட்டியது. அதே வேகத்தில் விலை சரிந்தது. ஜாவாவில் ஒல்லாந்தர் வளர்த்த சிங்கோனா இனத்தில் குயினைன் பல மடங்கு அதிகம். இலங்கைப் பட்டையால் அதோடு போட்டியிட முடியவில்லை.

தேயிலை இதற்கெல்லாம் முன்பே பேராதனையில் நின்றது. 1824இல் சீனத்துச் செடி வந்தது. 1839இல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்திலிருந்து அசாம் விதைகள் வந்தன. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அது காட்சிச் செடியாகவே இருந்தது. 1860களில் ஜேம்ஸ் டெய்லர் பேராதனையிலிருந்து விதை வாங்கி லூல்கந்துர தோட்டத்தில் நட்டுப்பார்த்தார். 1867இல் அங்கே 19 ஏக்கரில் வணிகப் பயிராகத் தேயிலை நட்டார். 1873இல் இலண்டன் போன முதல் சரக்கு வெறும் 23 இறாத்தல். கோப்பி அழிந்தபோது கையில் விதையும் செய்முறையும் தயாராக இருந்ததால்தான் அந்த மலைகள் இருபது ஆண்டுகளுக்குள் தேயிலைக்கு மாற முடிந்தது.

இந்த மாற்றம் மக்களைப் புரட்டிப்போட்டது. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில்தான் கூட்டமாக ஆள் வேண்டும். வந்தவர்களில் பெரும்பாலோர் வேலை முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். தேயிலை அப்படியல்ல. ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை, ஆண்டு முழுவதும் கொழுந்து பறித்தாக வேண்டும். விட்டால் இலை முற்றிவிடும். ஆகவே பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் லயன் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளில் நிலையாகத் தங்கவேண்டியதாயிற்று. பருவகாலத் தொழிலாளர் கூட்டம் நிரந்தரக் குடிகளானதற்கு ஓர் இலைப்பூஞ்சையும் காரணம். அப்படி மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்தவர்களைத்தான் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. மலையகத் தமிழர் வரலாற்றைப் படிப்பவர்கள் பேராதனைப் பூங்காவைத் தவிர்த்துவிட்டுப் படிப்பது அரைகுறையாகவே இருக்கும்.

இறப்பரின் வழியும் இதே போன்றதுதான். மரம் வந்து இருபது ஆண்டுகள் ஆகியும் பாலை எப்படி எடுத்தால் மரம் தாங்கும் என்பது தெரியவில்லை. சிங்கப்பூர்த் தோட்டத்தில் ஹென்றி ரிட்லி மெல்லிய சீவலாகப் பட்டையை வெட்டும் முறையைச் செம்மைப்படுத்தினார். பேராதனையில் ஜோன் பார்க்கின் 1898-99இல் இரண்டு முக்கியமானவற்றைக் காட்டினார். ஒரே இடத்தை அடுத்தடுத்து வெட்டும்போது பால் குறையாமல் கூடுகிறது என்பது ஒன்று. அசற்றிக் அமிலம் சேர்த்தால் பால் சீராக உறைகிறது என்பது மற்றொன்று. மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களில் தமிழர் பால்வெட்டிய காலம் முழுவதும் இந்த அறிவின் மேல்தான் நடந்தது.

பூங்காவில் எதைப் பார்ப்பது?

ஒர்க்கிட் இல்லமும் மலர்ப் பாத்திகளும் அழகுதான். ஆனால் அவற்றை வேறிடங்களிலும் பார்க்கலாம். பேராதனையின் தனிச்சிறப்பு அதன் மரங்கள். குறிப்பாகப் பனைக் குடும்பத்து மரங்கள்.

இரட்டைத் தேங்காய் மரம். சீஷெல்ஸ் தீவுகளில் மட்டும் இயற்கையாக வளர்வது. உலகிலேயே மிகப்பெரிய விதை இதனுடையது. ஒன்று 18 கிலோ வரை கூட இருக்கும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காய் முற்ற ஆறேழு ஆண்டுகள். இதை முளைக்கவைப்பதில் பலர் செய்யும் தவறு, தொட்டியில் இட்டுப் பிறகு பெயர்த்து நடலாம் என்று நினைப்பது. விதை முளைக்கும்போது முதலில் கயிறு போன்ற ஒரு தண்டு மண்ணுக்குள் இறங்கிப் பக்கவாட்டில் பல மீற்றர் போகும். அதன் நுனியில்தான் கன்று கிளம்பும். ஆகவே மரம் நிற்கப்போகும் இடத்திலேயே, இளகிய மண்ணில், விதையைப் பாதி புதைத்து நிழல் கொடுத்து விட்டுவிட வேண்டும். இடையில் தோண்டிப் பார்த்தால் அந்தத் தண்டு முறிந்து எல்லாம் முடிந்துவிடும். ஆண் மரமும் பெண் மரமும் அருகருகே இல்லாத பூங்காக்களில் மகரந்தத்தைக் கையால் எடுத்துப் பெண் பூவில் சேர்க்கிறார்கள்.

தாளிப்பனை. 30 முதல் 80 ஆண்டுகள் வரை இலை மட்டும் விட்டு வளரும். பிறகு ஒரே முறை, உச்சியில் 6 முதல் 8 மீற்றர் உயரப் பூங்கொத்து ஒன்றைத் தள்ளும். தாவர உலகில் இதைவிடப் பெரிய பூங்கொத்து கிடையாது. இத்தனை ஆண்டுகள் தண்டில் சேமித்த மாவுச்சத்து முழுவதும் அந்தப் பூவுக்கும் காய்க்கும் செலவாகிறது. காய் முற்ற ஏறத்தாழ ஓராண்டு. முற்றியதும் மரம் பட்டுப்போகும். பூத்த தாளிப்பனையைக் கண்டால் அதன் காலம் முடிகிறது என்று அர்த்தம். எந்த உரமும் அதைக் காப்பாற்றாது. இலங்கையின் சிங்கள ஏடுகள் இந்த இலையில்தான் எழுதப்பட்டன. நம் பனையோலையைவிட இது அகலமும் மென்மையும் கூடியது.

பனை வரிசைகள். மூன்று சாலைகள், மூன்று காலம். நம்மூர்ப் பனை வரிசை 1887இல் நடப்பட்டது. யாழ்ப்பாணத்திலும் இராமநாதபுரத்திலும் வறண்ட மணலில் நிற்கும் மரம், இத்தனை மழை பெய்யும் மலையடிவாரத்தில் நூற்றாண்டு கடந்து நிற்பதைப் பார்ப்பது தமிழ் வாசகருக்கு ஒரு தனி அனுபவம். கோசுப்பனை வரிசை 1905இல் வந்தது; படங்களில் அதிகம் வருகிற அரசப்பனை வரிசை 1950இல் வந்தது. ஒரே நாளில் நட்ட வரிசையில் ஒரு மரம் விழுந்தால் அதே உயரத்துக்கு மாற்றுமரம் கிடைக்காது. சாலையில் ஆங்காங்கே தெரியும் குட்டைப் பனைகள் அப்படிப் பிற்காலத்தில் வைக்கப்பட்டவை.

பெருமூங்கில். மகாவலிக் கரையோரம் நிற்பது. பர்மாவைச் சேர்ந்த இனம். 30 மீற்றருக்கு மேல் உயரும். மழைக்காலத்தில் குருத்து ஒரே நாளில் 30 சென்ரிமீற்றர் வரை வளர்ந்ததை இங்கே அளந்திருக்கிறார்கள். மரத்தைப் போல இதன் தண்டு ஆண்டுதோறும் பருப்பதில்லை. மண்ணைவிட்டு வெளிவரும்போது என்ன பருமனோ அதுதான் கடைசிவரை. நிலத்தடிக் கிழங்கில் சேர்ந்த உணவே இந்த வேகத்துக்குக் காரணம். பெயர் கீறுவதும் குருத்தை மிதிப்பதும் இந்தக் கூட்டத்துக்கு மனிதர் செய்யும் பெருங்கேடு. கீறிய காயம் ஆறாது. அதன் வழியே அழுகல் இறங்கும்.

பெரிய புல்வெளியின் நடுவில் குடைபோல் கவிந்து நிற்கும் ஜாவா அத்தியை எவரும் தவறவிட மாட்டார்கள்.

நினைவு மரங்கள். வந்துபோன ஆட்சியாளர்கள் நட்டவை தனியாக இருக்கின்றன. 1891இல் பின்னாளைய ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கலஸ் நட்ட நாகமரம், 1901இல் பின்னாளைய ஐந்தாம் ஜோர்ஜ் நட்ட நாகலிங்க மரம், 1961இல் விண்வெளி வீரர் யூரி ககாரின் நட்ட மரம் ஆகியவை அவற்றுள் சில. நாகலிங்க மரத்தைக் கோயில்களில் பார்த்துப் பழகியவர்களுக்கு அது தென்னமெரிக்க மரம் என்பது வியப்பாக இருக்கும். இதுவும் காலனித்துவக் காலத் தாவரப் பரிமாற்றத்தில் வந்து சேர்ந்ததே. இரண்டாம் உலகப் போரில், 1944இல், மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் இந்தப் பூங்காவுக்குள்ளேயே இயங்கியது.

பார்வையாளர் காணாத பாதி: உலர்தாவரகம்

தேசிய உலர்தாவரகத்தில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட மாதிரிகள் உள்ளன. ஒரு மாதிரி உருவாகும் முறை எளிது, ஆனால் அவசரப்படக் கூடாதது. பூவோ காயோ உள்ள கிளையை வெட்டி, செய்தித்தாளுக்கு இடையே பரப்பி, ஓர் இலையாவது அடிப்புறம் தெரியும்படி திருப்பி வைத்து, பலகைகளுக்கு நடுவே அழுத்த வேண்டும். முதல் சில நாள் தாளைத் தினமும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் பூசணம் பிடித்துக் கறுத்துவிடும். உலர்ந்தபின் தடித்த தாளில் ஒட்டி, இடம், உயரம், நாள், சேகரித்தவர், பூவின் நிறம் ஆகியவற்றை எழுத வேண்டும். உலர்ந்தால் நிறம் போய்விடும் என்பதால் கடைசிக் குறிப்பு முக்கியம். குறிப்பில்லாத மாதிரி வெறும் சருகு.

புதிய இனம் ஒன்றுக்குப் பெயரிடும்போது எந்த மாதிரியை வைத்துப் பெயரிட்டார்களோ அது மூலமாதிரி எனப்படும். இலங்கைக் காட்டில் இன்று ஒரு செடியைக் கண்டு அது புதியதா என்று சந்தேகம் வந்தால், துவைட்ஸ் காலத்து மூலமாதிரிகளோடு ஒப்பிட்டே முடிவு செய்கிறார்கள். ஓர் இனம் 150 ஆண்டுகளுக்கு முன் எந்த மலையில் இருந்தது, இன்று எங்கே இல்லை என்பதற்கும் இதுதான் சான்று.

வந்தவற்றில் கேடு செய்தவை

செடி கொண்டுவந்த அதே வாசல் வழியாகக் களைகளும் வந்தன. உண்ணிச்செடி 1826இல் இந்தப் பூங்காவின் வழியே இலங்கைக்குள் நுழைந்தது. அலங்காரப் பூச்செடியாக வந்தது இன்று வறள்வலயக் காட்டோரங்களையெல்லாம் மூடி நிற்கிறது. யானைக்குத் தீவனமான புல்லை வளரவிடுவதில்லை. பெரிய ஊதாநிற இலைகளுக்காக வளர்க்கப்பட்ட மிக்கோனியா 1888இல் பேராதனைக்கு வந்தது. இதே செடி 1937இல் தகிதித் தீவில் ஒரு தோட்டத்தில் அழகுக்காக நடப்பட்டு, பறவைகளால் பரவி, இன்று அத்தீவின் பாதிக்கும் மேற்பட்ட பரப்பைப் பிடித்துவிட்டது. ஹக்கல பக்கம் வந்த முட்கோர்ஸ் புதர் ஹோர்ட்டன் சமவெளியின் புல்நிலத்துக்கே அச்சுறுத்தலாகிவிட்டது.

ஒரு செடி எப்போது ஆபத்தாகிறது என்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு: விதை சிறிதாகவும் ஏராளமாகவும் இருப்பது, பறவை விரும்பும் பழம், நிழலிலும் முளைக்கும் திறன், வெட்டினாலும் துளிர்ப்பது. மூன்று ஒன்றாக இருந்தாலே எச்சரிக்கை வேண்டும். வீட்டுத் தோட்டத்துக்காக வெளிநாட்டு விதையைப் பையில் வைத்துக் கொண்டுவருகிறவர்கள் பயிர்த் தடுப்புக்காப்பு அனுமதியைத் தொல்லையாக நினைக்கக் கூடாது. அந்த விதி இந்த வரலாற்றிலிருந்து வந்தது.

பூங்காவுக்குள் இருக்கும் தலைவலி வேறு. ஆயிரக்கணக்கான பழந்தின்னி வௌவால்கள் உயர்ந்த மரங்களில் தொங்குகின்றன. எச்சமும் நகக்கீறலும் பாரமும் சேர்ந்து உச்சிக்கிளைகளை மொட்டையாக்கிவிடும். அரிய மரம் ஒன்றில் கூட்டம் குடியேறினால் சில ஆண்டுகளில் அது நலிந்துபோகும். ஆனால் காட்டு மரங்கள் பலவற்றின் மகரந்தத்தையும் விதையையும் பரப்புவது இதே வௌவால்கள். கொல்லவும் முடியாது, சும்மா விடவும் முடியாது. ஒரு மரத்திலிருந்து விரட்டினால் கூட்டம் அடுத்த மரத்துக்குத்தான் போகும் என்பதால் எதைக் காப்பது, எதை விட்டுக்கொடுப்பது என்று நிர்வாகம் தெரிந்தெடுத்தே ஆக வேண்டும்.

போகிறவர்களுக்கு

காலையில் திறந்தவுடன் போவது நல்லது. முழுவதும் நடக்க மூன்று மணி நேரம் வேண்டும். சனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு, நடக்க வசதி. மூங்கிற் குருத்தைப் பார்க்க வேண்டுமானால் மழைக்காலத்தில் குடையோடு போக வேண்டும். முதலில் வாசலுக்கு அருகே உள்ள வாசனைத் திரவியத் தோட்டம்: சாதிக்காய், கராம்பு, ஏலம், கறுவா, மிளகு எல்லாம் மரமாகவும் கொடியாகவும் நிற்கும். பிறகு பனை வரிசைகள், இரட்டைத் தேங்காய், பெரிய புல்வெளி, நினைவு மரங்கள், கடைசியில் ஆற்றோரம். மாணவர்களை அழைத்துப் போகும் ஆசிரியர்கள் குடும்ப வாரியாகச் செடிகள் நடப்பட்டுள்ள மாணவர் தோட்டத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்; ஒரு குடும்பத்துச் செடிகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதால் பாடநூலில் உள்ள பூ அமைப்பை நேரில் ஒப்பிடலாம்.

வௌவால் தொங்கும் மரங்களின் கீழே உட்கார வேண்டாம். காற்றோடு மழை பெய்யும்போது பழைய மரங்களின் அடியில் ஒதுங்கவும் கூடாது. கிளை முறிவது அங்கே வழக்கம். மகாவலிக்கு மேல் உள்ள தொங்கு பாலத்தில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஏறலாம் என்று பலகையில் எழுதியிருப்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நேரம் இருப்பவர்கள் அடுத்த நாள் ஹக்கலவுக்கும், கொழும்பு திரும்பும் வழியில் கம்பஹாவின் ஹெனரத்கொடவுக்கும் போகலாம். 1876ஆம் ஆண்டு நாற்றுகளின் வழிவந்த இறப்பர் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.